கேள்வி இல்லாத பத்து நிமிடம்

மரத்துக்கு ஏன் நீலம் என்று மகளிடம் கேட்க அம்மா வாயெடுத்தாள். உடனே மூடிக்கொண்டாள்.

அது கேள்வி.

விதிகளை டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். பத்து நிமிடம் பிள்ளையோடு சேர்ந்து படம் வரைய வேண்டும். கேள்வி கூடாது. ஏவல் கூடாது. தப்பைத் திருத்தக் கூடாது.

"மத்தபடி என்ன வேணாலும் பேசுங்கம்மா."

சொல்லிவிட்டு மூலையில் நோட்டோடு உட்கார்ந்துவிட்டார்.

மத்தபடி என்ன இருக்கிறது?

மகள் ஆதிரைக்கு ஐந்தரை வயது. வீட்டில் பல்லியோடுகூட மல்லுக்கு நிற்பாள். வாசற்படி தாண்டினால் வாயில் கொழுக்கட்டை. இரண்டு வருடமாகப் பள்ளியில் ஒரு சொல் பேசியதில்லை. ஒன்றுக்கு வந்தால்கூடக் கேட்க மாட்டாள். நனைந்த பாவாடையோடு வந்து, கதவைச் சாத்தியதும் மிஸ் திட்டியதை அப்படியே நடித்துக் காட்டுவாள். பேசாத பிள்ளையை ஒன்றாம் வகுப்புக்கு ஏற்ற மாட்டோம் என்று பள்ளியில் கையை விரித்துவிட்டார்கள். டாக்டரிடம் வருவது இது ஐந்தாவது முறை. அவருக்கும் இன்றுவரை ஒரு 'ம்' கூடக் கிடைக்கவில்லை.

ஆகவே அம்மா அடக்கிக்கொண்டாள்.

காலை மடக்கி உட்காரு. ஏவல். விழுங்கினாள்.

கோட்டுக்கு வெளியே போகுது பாரு. திருத்தம். விழுங்கினாள்.

தண்ணி வேணுமா? இது பாசம்தானே என்று ஒரு கணம் நினைத்தாள். கேள்விதான்.

தெருவே அவளை வாயாடி என்கிறது. இந்தப் பிள்ளையைப் பெற்ற நாளிலிருந்து அவள் வாய் ஓய்ந்ததில்லை. இப்போது துழாவிப் பார்த்தால், மகளிடம் சொல்ல ஒரு வாக்கியம் மிஞ்சவில்லை. வெட்கமாக இருந்தது.

நான்கு நிமிடம் போயிற்று.

ஆதிரை நிமிர்ந்து பார்த்தாள். வேண்டுமென்றே மேசைமேல் ஒரு கோடு கிழித்தாள்.

அம்மா சிரித்தாள். வியர்த்தது.

ஆதிரை கிரேயானை வாயில் வைத்துக் கடித்தாள்.

அம்மா முந்தானையைக் கடித்தாள்.

பிள்ளையின் முகம் மாறியது. எழுந்து வந்து அம்மாவின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். கழுத்திலும் வைத்துப் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று மூலைக்கு நடந்தாள்.

"ஆன்ட்டி, எங்கம்மாவுக்கு என்னமோ ஆயிருச்சு. பேசவே மாட்டேங்குது."

டாக்டரின் பேனா கீழே விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. தினமும் கேட்பதுபோலக் கேட்டார்.

"அப்படியா? எப்பருந்து?"

அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணீர் விரலிடுக்கில் வழிந்தது.

"இங்க வந்துதான்," என்றாள் ஆதிரை. "வீட்ல நல்லாப் பேசும்."