பீட்டருக்கு ஒரு ஜோடி செருப்பு

"ஏமாத்திட்டாருடா! நல்லா ஏமாத்திட்டாரு!"

வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக மாரிசாமி கத்தினான். அடுப்படியில் கறி கிளறிக்கொண்டிருந்த அவன் வீட்டுத்தோழன், இலங்கைத் தமிழன் நிமலன், திரும்பிப் பார்த்தான்.

"ஆரடா?"

"அந்த பஸ் பெரியவர். பீட்டர்!"

பீட்டர் யாரென்று நிமலனுக்குத் தெரியும். ஆக்லாந்துக்குப் படிக்க வந்த நாளிலிருந்து, சனிக்கிழமையானால் ஆல்பனியில் பஸ் ஏறி ஊர் சுற்றுவது மாரிசாமியின் வழக்கம். எரிமலைக் குன்று, துறைமுகம், மீன் சந்தை என்று ஒன்று விடமாட்டான். அவன் குடும்பத்தில் முதல் பட்டதாரி. பார்த்ததையெல்லாம் சாத்தூரில் இருக்கும் அம்மாவுக்குப் போனில் சொல்லியாக வேண்டும்.

வாயைத் திறக்கவே பயந்துகொண்டிருந்த ஊரில், தானாக வந்து பேசிய முதல் மனிதர் பீட்டர். அடுத்த நிறுத்தத்தில் ஏறுவார். எந்தக் குன்றுக்கு எந்த வழி, எங்கே மீன் வறுவல் நன்றாயிருக்கும் என்று சொல்லிக்கொண்டே வருவார்.

நல்ல குளிர்காலம். அவர் காலில் மட்டும் செருப்பு இல்லை.

பத்தாம் வகுப்பு வரை வெறுங்காலோடு பள்ளிக்கூடம் போனவன் மாரிசாமி. பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. கண்ணாலேயே அளவெடுத்து, ரப்பர் செருப்பு ஒரு ஜோடி வாங்கி, ஒரு சனிக்கிழமை பஸ்ஸிலேயே நீட்டிவிட்டான்.

பீட்டர் செருப்பைப் பார்த்தார். மாரிசாமியின் முகத்தைப் பார்த்தார். "ரொம்ப நன்றி, மாரி" என்று அங்கேயே போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு செருப்பில்லாமல் அவர் பஸ் ஏறியதே இல்லை. நடைதான் கொஞ்சம் தத்தித் தத்தி இருக்கும். பாவம், போட்டுப் பழக்கமில்லை என்று மாரிசாமி நினைத்துக்கொள்வான்.

"அவருக்கு இப்ப என்ன?" என்றான் நிமலன்.

"வெஸ்ட்கேட் கடையில பார்த்தேன்டா. பெரிய காரு. காருக்குப் பின்னால படகு! சாமான் ஏத்திட்டு இருக்காரு. காலைப் பார்த்தா வெறுங்காலு! நான் குடுத்த செருப்பு எங்க? ஏழை மாதிரி நடிச்சு..."

நிமலனுக்கு வந்த சிரிப்பில் அகப்பை கீழே விழுந்தது.

"தான் ஏழை எண்டு அவர் சொன்னவரோ?"

"இல்ல..."

"செருப்பு வேணும் எண்டு கேட்டவரோ?"

"இல்லடா..."

"இஞ்ச ஆக்கள் செருப்பு இல்லாமல் இல்லையடா. விரும்பித்தான் வெறுங்காலோட திரியிறவை. கடைக்கு, பள்ளிக்கூடத்துக்கு, எல்லா இடமும் அப்பிடித்தான். என்ர அப்பாவே தெருமுனை டெய்ரிக் கடைக்குப் பால் வாங்க வெறுங்காலோடதான் போறவர். அவருக்கும் ஒரு சோடி வாங்கிக் குடன், வள்ளலே!"

மாரிசாமிக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. டவுனில் கார் நிறுத்த இடம் தேட அலுத்துப்போய் பஸ்ஸில் வருகிறவராக இருக்கும். படகு வைத்திருக்கிறவர். அவருக்குச் செருப்புத் தானம்! அதுவும் பஸ்ஸில் இருந்த அத்தனை பேர் முன்னாலும்!

"இனி அந்த பஸ் பக்கமே போகமாட்டேன். சனிக்கிழமை வீட்டுலயே கிடக்கேன். ஊர் பார்த்தது போதும்."

"விசர்க் கதை கதையாத. டவுனுக்கு பஸ்ஸில போய், அங்கயிருந்து டெவன்போர்ட்டுக்குக் கடல் வழியாப் போறன் எண்டு அம்மாட்டச் சொன்னனி எல்லே? அவா பாத்துக்கொண்டிருப்பா. முகம் பாக்க வெக்கமெண்டால் பஸ்ஸின்ர மேல்தட்டில ஒளிச்சிரு."

அந்தச் சனிக்கிழமை, மாடி பஸ்ஸின் மேல்தட்டில் முன் கண்ணாடியோரம் மாரிசாமி குனிந்து உட்கார்ந்திருந்தான்.

அடுத்த நிறுத்தம் தூரத்திலேயே தெரிந்தது. ஈரத் தரையில் வெறுங்காலோடு ஆனந்தமாக நின்றுகொண்டிருந்தார் பீட்டர்.

பஸ்ஸைக் கண்டதும் பதறினார். பையைத் திறந்தார். செருப்பை எடுத்தார். பெஞ்சில் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு காலைத் திணித்தார். குதிகால் இரண்டும் செருப்புக்கு வெளியே நின்றன.

மாரிசாமி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

தத்தித் தத்திப் படியேறி மேலே வந்தார் பீட்டர்.

"இங்கேயா இருக்கிறாய், மாரி? கீழே முழுக்கத் தேடினேன். இந்தக் குளிருக்கு உன் செருப்பு அருமை!"

எல்லாவற்றையும் சொல்லிவிட வாய் வரை வந்தது. மாரிசாமி விழுங்கிக்கொண்டான். குனிந்து தன் ஷூவின் நாடாவை அவிழ்த்தான்.

"இன்னைக்கு உங்க ஊர்க்காரங்க மாதிரி வெறுங்காலோட நடந்து பார்க்கப் போறேன், பீட்டர். தனியா நடக்கக் கூச்சமா இருக்கு. துணைக்கு நீங்களும் கழட்டுறீங்களா?"

"நீ கேட்கிறாய் என்பதற்காகத்தான்" என்றார் பீட்டர், அதைச் சொல்லி முடிப்பதற்குள் கழற்றிவிட்டு.

அவருடைய இரண்டு கால்களிலும், பெருவிரல் இடுக்கில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.