கவிழ்த்த பானை

பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவள் கையை எடுத்தாள்.

மீதமிருந்த தண்ணீர் குளக்கட்டு மண்ணில் ஓடி, மருத மரத்து வேருக்குள் மறைந்தது.

மாரியம்மா தாயே, இது பியசீலி கண்ணில் படவேண்டும்.

இவளால் முடிந்தது அவ்வளவுதான்.

மலைத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு குடும்பம் திரும்பி வராமல் லயத்து வீட்டை விட்டுப் போகிறதென்றால், தண்ணீர்ப் பானையை வாசலில் கவிழ்த்துவிட்டுப் போகும். கலவரத்தில் தீ வைக்க வருகிறார்கள் என்று கேட்ட அன்று அவளும் கவிழ்த்துவிட்டுத்தான் இறங்கினாள். அதைப் பார்த்தே அடுத்த லயத்துச் சனமும் ஓடித் தப்பியது.

இன்று காலை தோளில் துவக்குகளோடு இயக்கப் பெடியன்கள் வந்தார்கள். மூத்தவன் மரியாதையாகத்தான் சொன்னான்.

"அம்மா, பொழுதுபட முன்னம் எல்லாரும் காட்டுக்குள்ள போயிடுங்கோ. அந்தப் பக்கத்துச் சனத்துக்கு ஒண்டும் தெரியப்படாது."

அந்தப் பக்கம் என்றால் குளக்கட்டுக்கு அப்பால், தகரக் கூரைகள். அரசாங்கம் கொண்டுவந்து இறக்கிய சிங்களச் சனம்.

போன மாதம் வாய் திறந்த ஒருவனைப் பெடியன்கள் சுட்டுப் பாலை மரத்தில் கட்டியிருந்தார்கள். உடலை இறக்கவும் யாரும் போகவில்லை.

மலையிலிருந்து ஓடி வந்த இவள் சனத்தையும் லொறியில் கொண்டுவந்துதான் இறக்கினார்கள். கண்ணாடி போட்ட ஒரு நல்ல மனிதர் பேசினார். நீங்கள்தான் நம் மண்ணின் எல்லை வேலி என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அவள் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளிப் பார்த்தாள். கறுப்பாக, ஈரமாக இருந்தது. கொச்சி மிளகாய் போடலாம் என்று நினைத்தாள். ஆயுசு முழுக்க யாருக்கோ கொழுந்து பறித்த கை.

இந்தப் பானையை மரத்தடியில் வைத்தவள் பியசீலி. அந்தப் பக்கத்துக்காரி. வழிப்போக்கருக்குத் தண்ணீர் வைப்பது அவர்களுக்குப் புண்ணியம். கிணறு வற்றிய கோடையில் இவள் மகள் குளக்கட்டின்மேல் சுருண்டு விழுந்தபோது, சிரட்டையில் மொண்டு வாயில் ஊற்றியவள் அவள்தான். அதற்குப் பிறகு, காலியாகக் கண்டவர் நிரப்புவது என்று ஆயிற்று. யாரும் பேசி வைத்ததில்லை.

இவளுக்குச் சிங்களம் தெரியும். ஒரு நாள் கேட்டாள், இந்தக் காட்டுக்கு ஏன் நங்கி வந்தாய் என்று. நங்கி என்றால் தங்கச்சி.

பியசீலி சிரித்தாள். "எங்களுக்கும் ஒரு ஐயா பேசினார் அக்கே. ராஜாக்கள் கட்டின குளமாம், நாங்கள் காவல் இருக்கணுமாம். நான் எட்டிப் பார்த்தேன். தண்ணி இருந்தது. வந்துட்டேன்."

இப்போது காட்டோரப் பற்றைக்குள் இவள் புருஷன் சன்னாசி மகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மற்றவர்கள் உள்ளே போய்விட்டார்கள். பானையைக் கவிழ்த்துவிட்டு வந்த இவள் மட்டும் இடுப்பில் குடத்தோடு, குளக்கட்டைப் பார்த்தபடி நின்றாள்.

"நங்கிச் சித்தியும் வருமா?" என்று கேட்டாள் மகள்.

சன்னாசி பிள்ளையின் வாயைப் பொத்தினான்.

பியசீலி வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை.

பானையைப் பார்த்து நின்றாள்.

இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

ஓடு, நங்கி.

பியசீலி குழந்தையைப் புல்லில் உட்கார வைத்தாள். பானையை நிமிர்த்தினாள். குரங்கு தட்டிவிட்டது என்று நினைத்திருப்பாள். குளத்தில் இறங்கி, மண் போகக் கழுவி, நிரப்பித் தூக்கிவந்து அதே இடத்தில் வைத்து மூடினாள். மடியிலிருந்து ஒரு துண்டு கருப்பட்டியை எடுத்து இலையில் சுற்றினாள். மூடியின்மேல் வைத்தாள்.

அது அக்காவுக்கு.

பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு, அடுப்புப் புகை எழும் தன் வீட்டுக்கே திரும்பி நடந்தாள்.

கவிழ்த்த பானைக்கு அவர்களிடம் அர்த்தம் கிடையாது. இவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

மரங்களின் நிழல் குளக்கட்டைத் தாண்டிவிட்டது.

அவள் குடத்தை இறக்கிச் சன்னாசியின் பக்கத்தில் வைத்தாள். மகளின் தலையைத் தடவினாள்.

"தாகமா இருக்கு. கட்டுக்குப் போயி ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வந்துர்றேன்."

சன்னாசி அவள் கையைப் பிடித்தான்.

பிறகு விட்டான்.

அவள் பற்றையை விலக்கிக்கொண்டு வெட்டவெளியில் இறங்கினாள். குளக்கட்டில் ஏறினாள். மரத்தடியில் நிற்கவில்லை; தகரக் கூரைகளை நோக்கி அந்தப் பக்கம் இறங்கினாள்.

சன்னாசி பக்கத்தில் இருந்த குடத்தைப் பார்த்தான்.

விளிம்புவரை தண்ணீர் இருந்தது.