எம்.பி.க்குக் கண் தெரியவில்லை

"வந்துட்டாரு பாரு! தேர்தலுக்கு இன்னும் இருபது நாள்தானே, கூப்பிடாமலே வருவாரு!"

மாதா கோயில் முற்றத்தில் யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது. காரிலிருந்து முதலில் தொப்பையும் பின்னால் எம்.பி. கலனாக்கிஸும் இறங்கினார்கள்.

கிரேக்கத்துக் கிரீட் தீவின் இந்த மலைப்பக்கத்துக்கு இருபத்திரண்டு வருஷமாய் அவர்தான் எம்.பி. ஏதென்ஸ் நாடாளுமன்றத்தில் இதுவரை இரண்டே முறைதான் பேசியிருக்கிறார். ஒருமுறை, ஜன்னலைச் சாத்தச் சொல்லி. இன்னொரு முறை, மறுபடி யார் திறந்தது என்று கேட்டு.

ஆனால் ஞானஸ்நானம் என்றால் ஆள் தவறவே மாட்டார். முந்நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஞானத்தகப்பன். ஒரு பிள்ளைக்கு ஒரு குடும்பத்து ஓட்டு.

அத்தனையும் பையன்கள். ஞானஸ்நானத்தில் ஒரே ஞானத்தகப்பன் கையால் எண்ணெய் பூசின பிள்ளைகள் அண்ணன் தங்கை முறை; கல்யாணம் கட்ட முடியாது. அவர் பெண் பிள்ளைகளையும் தொட்டால் தொகுதியில் பாதிக் கல்யாணம் நின்றுபோகும். ஓட்டும்தான்.

ரினியோ வாசற்படியில் நின்றாள். வழக்கப்படி, ஞானஸ்நானம் முடியும்வரை பெற்றவளுக்கு வாசற்படியோடு சரி. எட்டு மாதக் குழந்தை உள்ளே அவள் தங்கையின் கையில் இருந்தது. தங்கைதான் ஞானத்தாய்.

"என்னம்மா, நல்ல நாளும் அதுவுமா முகம் இப்படி வீங்கியிருக்கு?" என்றார் எம்.பி.

"ஒண்ணுமில்லைங்கய்யா."

"ஒண்ணுமில்லாததுக்கா இவ்வளவு அழுதிருக்கே?"

பதிலுக்குக் காத்திராமல் நான்கு பேருக்குக் கை கொடுத்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். ஓட்டு கேட்கும் வாய், வேறென்ன கேட்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் பயமெல்லாம் சிஃபிஸ் மேல்தான்.

எண்ணூறு ஆடு, ஆறு துப்பாக்கி, அறுபது ஓட்டு. இவ்வளவும் சிஃபிஸ் வீட்டில். மேய்ச்சல் நிலத் தகராறில் ரினியோவின் மைத்துனன் காலில் ஏற்கெனவே ஒரு குண்டு பாய்ந்திருக்கிறது. சண்டை தீர அவரே வழியும் சொல்லிவிட்டார். இன்றைக்கு விருந்தில், ஊர் முன்னால், இந்தக் குழந்தையைத் தன் ஐந்து வயதுப் பேரனுக்கு நிச்சயம் பண்ணிவிடுவது. ரினியோவின் புருஷன் தலையை ஆட்டிவிட்டான். ஆட்டாமல் என்ன செய்வான்?

முற்றத்தில் சிஃபிஸ் சிகரெட்டும் கையுமாய்க் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"போன வாரம் எம்.பி. வீட்டுக்குப் போய், நிச்சயத்துக்கு நீங்கதான் சாட்சின்னு சொன்னேன். மனுஷன் என்ன கேட்டாரு தெரியுமா? 'பொண்ணைப் பெத்தவ என்ன சொல்றா'ன்னு! அவகிட்ட யாருய்யா கேட்டா?"

ஆம்பிளைகள் எல்லாரும் சிரித்தார்கள். ரினியோ தரையைப் பார்த்தாள். மாதாவே, ஏதாவது பண்ணேன்.

உள்ளே பாதிரியாரின் குரல் கேட்டது. "யாரு ஞானப்பெற்றோர்? முன்னால வாங்க."

தங்கை ஓரடி எடுத்து வைப்பதற்குள் எம்.பி. நாலு பேரை இடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். குழந்தையைப் பிடுங்காத குறையாய் வாங்கிக்கொண்டார்.

"நான்தான் சாமி! இந்தத் தொகுதியில வேற யாரு?"

"ஐயா, நீங்க வந்து..."

"விசுவாசப் பிரமாணம்தானே? முந்நூத்திப் பன்னெண்டு தடவை சொல்லியாச்சு." கடகடவென்று ஒப்பித்தார். எண்ணெயில் கையை முக்கி, அம்மணமாய்க் கிடந்த குழந்தைக்குத் தலை முதல் கால்வரை பூசினார்.

தங்கைக்கு அப்போதுதான் குரல் வந்தது. "ஐயா! அது பொண்ணு!"



"பொண்ணா?" எம்.பி. குனிந்து பார்த்தார். "அடடா! கண்ணாடியைக் கார்ல விட்டுட்டேனே."

"பூசின எண்ணெய் பூசினதுதான்," என்றார் பாதிரியார். ஊர் வழக்கப்படி அப்பாவைப் பெற்றவளின் பெயரான எர்கினாவைச் சொல்லி, மூன்று முறை தண்ணீரில் முக்கி எடுத்தார். குழந்தை வீறிட்டாள்.

சிஃபிஸ் ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவர் பேரனுக்கும் எண்ணெய் பூசினது இதே எம்.பி.தான்.

"யோவ்! என் பேரனுக்கு இவளைத் தங்கச்சி ஆக்கிட்டியேய்யா!"

"தப்பு நடந்துபோச்சு சிஃபிஸ். வயசாச்சில்ல?"

"எங்க வீட்டிலேர்ந்து இனிமே ஒரு ஓட்டு, ஒரே ஒரு ஓட்டு விழுதான்னு பாரு!"

மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள். "முந்நூறு மாப்பிள்ளையும் ஒரே நாள்ல போச்சே! இவளுக்கு மாப்பிள்ளை தேட இனி கப்பல்தான் ஏறணும்!"

ரினியோ சிலுவை போட்டுக்கொண்டாள். படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மாதாவே, போயும் போயும் இந்தக் குருட்டுக் கிழவனையா அனுப்பினாய்?

எம்.பி.யின் டிரைவர் ஒரு பெட்டியை வீட்டில் கொடுத்துவிட்டுப் போனான். ஞானத்தகப்பன் தரவேண்டிய உடுப்பு. காரில் எப்போதும் ஒன்று தயாராய் இருக்குமாம்.

"பையன் கால்சட்டைதானே? நமக்கு எதுக்கு?" என்று மாமியார் அதைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். குழந்தைக்குத் தங்கை கொண்டுவந்த கவுனையே போட்டார்கள்.

இருபதாம் நாள் எம்.பி. நாற்பத்தோரு ஓட்டில் தோற்றார்.

காபிக்கடையில் அதே பேச்சுதான். "அம்மணமாக் கையில வச்சிருந்தும் ஆணா பொண்ணான்னு தெரியலை. இவரு நாட்டைப் பார்த்தாராம்!"

புருஷன் வந்து சொன்னபோது ரினியோவும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

மறுநாள், பக்கத்து வீட்டுப் பையனுக்காவது ஆகட்டும் என்று பெட்டியை இழுத்துத் திறந்தாள்.

உள்ளே லேஸ் வைத்த வெள்ளைக் கவுன் இருந்தது. அதன் நெஞ்சில், இளஞ்சிவப்பு நூலில், நிதானமாய்ப் பூத்தையல் போட்டு ஒரு பெயர்: எர்கினா.