முன்பின்

கேமரா முன்னால், எட்டு எண்ணி முடியும்வரை அவர் இமைக்கவில்லை.

கூடத்தின் நடுவில் அவருடைய நாற்காலி. பின்னால் மகன்கள், மருமகள்கள். எல்லோருக்கும் பின்னால், சுவரை ஒட்டி, மகள் மங்கையர்க்கரசி.

அங்கே நிற்கச் சொன்னவர் அவர்தான்.

பதினொரு வருடங்களுக்கு முன் வீட்டில் கேட்காமல், பதிவு அலுவலகத்தில் மாலை மாற்றிக்கொண்டவள். அம்மா அழைத்ததால் அப்பாவின் எழுபதாம் பிறந்தநாளுக்கு வந்திருந்தாள். படம் வந்ததும் அவள் போய்விட வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார்.

சாதாரணப் படம் அவருக்குப் போதவில்லை. ஸ்டூடியோ ஞானதுரையின் புது பிலிமில் பொடிப்பொடியாக லென்ஸ்கள் பதிந்திருந்தன. தடவினால் சொரசொரத்தது. தூரம் தூரமாகவே விழும், பின்னால் நிற்பவர் படத்திலும் பின்னால்தான் தெரிவார் என்றார் ஞானதுரை.

அதுதான் வேண்டும்.

"இதுல யார் எங்க தெரியிறாங்களோ, அதான் இந்த வீட்டுல அவங்க இடம்."

எல்லோர் முன்னாலும் சொன்னார். சொன்ன சொல்லை அவர் மாற்றியதில்லை. அவருடைய அப்பாவும் மாற்றியதில்லை.

நான்காம் நாள் மதியம், இலை போடும் நேரத்தில், படம் வந்தது. ஞானதுரைக்கு வியர்த்திருந்தது.

"அண்ணாச்சி, ஒரு தப்பு நடந்துபோச்சு. இந்த பிலிம்ல மொதல்ல முன்பின் மாறித்தான் விழும். அதை இன்னொருக்கா படம் பிடிச்சாத்தான் நேராகும். அவசரத்துல விட்டுட்டேன்."

அவர் படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

சுவர் முன்னால் வந்து நின்றது. அதை ஒட்டி மங்கையர்க்கரசி, கை நீட்டினால் தொடலாம்போல. அவளுக்குப் பின்னால் அண்ணன்கள். எல்லோருக்கும் பின்னால், கிணற்றுக்குள் கிடப்பதுபோல், நாற்காலியும் அவரும்.

அவளுக்குக் காதோரம் நரைத்திருந்தது.

வந்த நாளிலிருந்து அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை.

மூத்தவன் எட்டிப் பார்த்தான். "அப்பா, உங்களத் தூக்கிக் கடைசியில போட்டுட்டாரே!"

"எம்பிள்ள நல்லா விழுந்திருக்கா," என்றாள் மனைவி.

"ரெண்டே நாள் அண்ணாச்சி. மாத்திக் கொண்டாந்துருதேன்."

"மாத்த வேண்டாம்."

ஆணியை அவரே அடித்தார். படம் நேராகத் தொங்குகிறதா என்று இரண்டு முறை தள்ளி நின்று பார்த்தார்.

வரிசையாக இலைகள் போட்டிருந்தார்கள். முதல் இலை எப்போதும் அவருடையது.

அதைத் தாண்டினார். மகன்களின் இலைகளையும் தாண்டினார். முதுகு வளையாமல் கடைசி இலையில் உட்கார்ந்தார்.

வாசலில் மங்கையர்க்கரசி பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"சோறு ஆறுது," என்றார், யாரையும் பார்க்காமல்.

மனைவி முதல் இலையில் தண்ணீர் தெளித்தாள்.