நிற்கக் கூடாத இயந்திரம்

"ஜெனரேட்டர் ரூம்ல தண்ணி பூந்துட்ச்சும்மா. கரன்ட்டும் இல்ல. போச்சுன்னா ஒடனே சொல்லுன்னியே, அதான் போன் அடிச்சேன்."

அடையாறு ஆய்வுக்கூடத்தின் காவலாளி அப்துல் சமத் சொன்னதும் ரெனிட்டா படுக்கையிலிருந்து துள்ளி எழுந்தாள். காலை மணி ஆறரை. வெளியே புயல் மழை.

"பாய், லேபைத் திறந்து உள்ளே போங்க. சாவி ஷூ ஸ்டாண்டுக்குப் பின்னாடி தொங்குது."

"உள்ளாறயா? செக்யூரிட்டி ஆளு லேபுக்குள்ள கால் வெச்சா சீட்டக் கிழிச்சிடுவாங்கம்மா."

"நான் பார்த்துக்கறேன் பாய். பேட்டரி இன்னும் பத்து நிமிஷம்தான் தாங்கும். மெஷின் நிக்கவே கூடாது. பின்னாடி ஒரு கறுப்புக் குமிழ் இருக்கும். நாலு எண்ணி ஒரு சுத்து, மெதுவா. நான் வர்ற வரைக்கும்..."

இணைப்பு அறுந்தது. அதன்பின் இருபது முறை முயன்றும் கிடைக்கவில்லை. அந்தப் பக்கம் டவரே படுத்துவிட்டது.

மந்தைவெளி வீட்டு வாசலில் முழங்கால் அளவு தண்ணீர். இறங்கப் போனவளை அம்மா சோஃபியா மறித்தாள்.

"இந்தப் புயல்ல எங்கடி போற? உன் கிருமி ஒரு நாள் உன்னைப் பார்க்கலைன்னா செத்தா போயிடும்?"

"இன்னிக்கு இருபத்தெட்டாம் நாள்மா. விடு."

நம் குடலில் குடியிருந்து செரிமானத்துக்கு உதவும் நல்ல பாக்டீரியா, எடையே இல்லாத விண்வெளிக்குப் போனால் என்ன ஆகும்? சோர்ந்து போகுமா, குணம் மாறிக் கெடுதல் செய்யுமா? ஐந்து வருடமாக ரெனிட்டா தேடுவது இதைத்தான். அதற்காக அவளுக்கு யார் ராக்கெட் தரப்போகிறார்கள்? குடுவையை ஓயாமல் மெதுவாகச் சுற்றினால், உள்ளே இருக்கும் கிருமிக்கு எது மேல், எது கீழ் என்றே தெரியாது. ஏறக்குறைய எடையற்று மிதப்பது போலத்தான். அப்படி முப்பது நாள் சுற்ற வேண்டும். முதல் முறை மோட்டார் எரிந்தது. இரண்டாம் முறை குடுவையில் பூஞ்சை பிடித்தது. இது மூன்றாவது. மாதக் கடைசியோடு அவளுடைய ஆராய்ச்சிக் காலம் முடிகிறது. இனி நீட்டிப்பு இல்லை என்று கடிதமும் வந்துவிட்டது. இதுவும் போனால் ஐந்து வருட உழைப்பு குப்பைக்குத்தான்.

திரு.வி.க. பாலத்தில் போலீஸ் மறித்தது. கெஞ்சிக் கூத்தாடி, கடைசியில் ஒரு மாநகராட்சி லாரியில் தொற்றிக்கொண்டு அவள் ஆய்வுக்கூடம் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை. முழுசாக ஏழு மணி நேரம். யாரால் முடியும்? வயது ஐம்பத்தெட்டு ஆன மனிதர் வேறு.

லேப் கதவைத் தள்ளினாள்.

மேஜைமேல் அவளுடைய இரண்டு இயந்திரங்கள். அவற்றுக்கு நடுவே ஸ்டூல் போட்டு அப்துல் சமத் உட்கார்ந்திருந்தார். வலது கையில் ஒரு குமிழ், இடது கையில் ஒரு குமிழ். "ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு..." உதடுகள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தன.

ரெனிட்டா அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"த பாரு, இன்னாத்துக்கு அழுவுறே? ஒண்ணும் ஆவல. ரெண்டையும் ஒரு நிமிஷம் நிக்க வுடலம்மா. நீ சொன்னா மாதிரியே நாலு எண்ணி ஒரு சுத்து."

"ஏதாவது சாப்பிட்டீங்களா பாய்?"

"கை ஃப்ரீயா இருந்தாதானே சாப்புட? தண்ணிகூட குடிக்கல."

அவள் எழுந்து வந்து குமிழ்களை வாங்கிக்கொண்டாள். அவருடைய உள்ளங்கைகள் இரண்டும் கொப்பளித்துச் சிவந்திருந்தன. விரல்களை நீட்ட முடியாமல் மடக்கியே வைத்திருந்தார்.

"காலைலயே வீட்லேர்ந்து போன் வந்துச்சு. திருவல்லிக்கேணில எங்க சந்துல தண்ணி பூந்துட்ச்சு, ஓடியான்னாங்க. உன்கிட்ட சொல்லிட்டு ஓடலாம்னுதான் போன் அடிச்சேன்."

"ஐயோ பாய்... போயிருக்கலாமே!"

"சாமான் போனா திரும்ப வாங்கிக்கலாம்மா. நீ அஞ்சு வருசமா இதுக்கோசரம் ராவும் பகலும் வந்து போறத கேட்டாண்ட உக்காந்து நான்தானே பாத்துக்கினு கீறேன்? மேல போறவங்க வயிறு நல்லா இருக்கணும்னுதானே செய்யிறே." கொஞ்சம் தயங்கினார். "நான் செஞ்சது கரெக்ட்டுதானேம்மா?"

ரெனிட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ரொம்ப கரெக்ட் பாய். கூடப் பொறந்தவங்ககூட இப்படிச் செய்ய மாட்டாங்க. நீங்க முதல்ல வீட்டுக்குப் போங்க. இனி நான் பார்த்துக்கறேன்."

அவர் முகத்தில் ஏழு மணி நேரக் களைப்பையும் மீறி ஒரு சிரிப்பு வந்தது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு மழையில் இறங்கினார். கேட்டைத் தாண்டி அவர் தலை மறையும்வரை ரெனிட்டா இரண்டு குமிழ்களையும் சுற்றிக்கொண்டிருந்தாள். பிறகு கையை எடுத்துவிட்டாள்.

மாலையில் டவர் வந்ததும் வழிகாட்டிப் பேராசிரியர் பரத்வாஜ் அழைத்தார்.

"கரன்ட் போயிடுத்தாமே! மெஷின் நின்னுடுத்தா?"

"இல்ல சார். ஏழு மணி நேரமும் கையால சுத்தியாச்சு. ரெண்டையும்."

பரத்வாஜ் பதறினார்.

"ரெண்டையுமா? ஒண்ணுதானேம்மா சுத்தணும்! இன்னொண்ணு முப்பது நாளும் அசையாம நிக்கணும். அதோட ஒப்பிட்டாத்தானே இது என்ன ஆச்சுன்னு தெரியும்? எல்லாமே போச்சே! எந்த முட்டாள் அதைச் சுத்தினது?"

"நான்தான் சார்" என்றாள் ரெனிட்டா.