அமெரிக்கா போகிற பிள்ளை

எங்க மாமா காளிச்சாமிக்கு அமெரிக்க வரலாறு படிப்பதற்கும் அமெரிக்காவுக்கே போவதற்கும் வித்தியாசம் தெரியாது.

காங்கேயத்திலிருந்து கோயமுத்தூர் போகும் தனியார் பஸ்ஸில் அவர் கண்டக்டர். நான் ஏறினால் போதும், ஆரம்பித்துவிடுவார்.

"ஏனுங்க, சித்தெ தள்ளி உக்காருங்க. என்ர தங்கச்சி புள்ள. அமெரிக்கா போகப் போகுது."

பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். நான் ஜன்னலோடு ஜன்னலாக ஒட்டிக்கொள்வேன்.

நான் படித்தது எம்.ஏ. வரலாறு. இரண்டாம் வருடம். ஐரோப்பா ஒரு பேப்பர், அமெரிக்கா ஒரு பேப்பர். மற்றபடி மேற்கே நான் போன அதிகபட்ச தூரம் மதுக்கரை. அதுவும் தோழியின் அக்கா கல்யாணத்துக்கு.

நெப்போலியன் எங்கே தோற்றான் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். எங்க ஊர் ரேஷன் கடை எந்தக் கிழமை திறக்கும் என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பேன். இந்த லட்சணத்தில் எனக்கு மாமாவைப் பார்த்தால் இளக்காரம்.

"நீயாச்சும் மாமாகிட்டச் சொல்லக்கூடாதாம்மா? கிளாஸ்ல எல்லாரும் விசா வந்துருச்சான்னு கேக்கறாளுக."

அம்மா தேங்காய்க் களத்தில் நாளெல்லாம் கொப்பரைப் பருப்புக் காயவைத்துவிட்டு அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தாள்.

"கம்முனு இரு கண்ணு. அண்ணன் அப்படி நம்பிக்கிட்டு இருக்கற வரைக்குந்தான் உனக்குப் படிப்பு. இல்லீன்னா அவங்க பையனுக்கு மொறை இருக்குதுன்னு வந்து நிப்பாங்க. கூடப் பொறந்தவன் ஊட்டுக்கு எப்படி மாட்டேங்கறது?"

மாமா மகன் சென்னகிருஷ்ணன் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். ஆள் வாட்டசாட்டம். அதைத் தவிர அவனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஐரோப்பிய ராஜகுடும்பங்களில் யார் யாரைக் கட்டினார்கள் என்பது மட்டும் அத்துப்படி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவும் மாசாணியம்மாள் அத்தையும் வந்தார்கள். அத்தை வந்ததும் வராததுமாகக் கேட்டாள்.

"அம்மணி, பிளேன் எப்பன்னு சொன்னாங்களா? கேக்கறவங்களுக்குப் பதில் சொல்ல முடியல."

அன்று காலைதான் அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தைப் படித்து முடித்திருந்தேன். அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை. எத்தனை நாளைக்குத்தான் பொய்க்குள் வாழ்வது என்று தோன்றிவிட்டது.

"நான் எங்கயும் போகலீங்க அத்தை. அந்த நாட்டுல முன்னால நடந்ததைப் பொஸ்தகத்துல படிக்கிறேன். அவ்வளவுதானுங்க."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

அத்தைக்கு முகமெல்லாம் சிரிப்பு. "போகலியா? இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமல்லொ. வர்ற ஆவணியில கல்யாணத்தை வெச்சுப்போடலாம். பொஸ்தகந்தானே, நம்மூட்டுல உக்காந்து படிச்சுக்கோ."

இந்த மாதிரி சமயத்தில் என்ன செய்ய வேண்டும் என்று அந்தப் பிரகடனத்தில் ஒரு வரிகூட இல்லை.

மாமாதான் கையை நீட்டி மறித்தார். "சின்னப்புள்ள ஏதோ சொல்லுதுன்னு நீயும் கெளம்பாத. அந்த நாட்டுக்குள்ள நொழையோணும்னா அந்த ஊர் சரித்திரத்தை ஒப்பிக்கோணும். மொத ஜனாதிபதி ஆரு, ரெண்டாவது ஆருன்னு வாசல்லயே நிறுத்திக் கேப்பான். தப்பாச் சொன்னா அடுத்த பிளேன்ல திருப்பி அனுப்பிப்போடுவான். அதுக்குத்தான் இந்தப் படிப்பு."

"நெசமாவுங்களா?"

"பின்னே? அதுக்குன்னே ஆளு போட்டிருக்கான்."

"ஐரோப்பாவும் படிக்குதுன்னாங்களே. அது எதுக்குங்க?"

மாமா ஒரு விநாடிதான் யோசித்தார். "அது வழியில வருது."

சிரிப்பை அடக்குவதற்குள் எனக்கு உயிரே போய்விட்டது. எப்பேர்ப்பட்ட அறிவாளி என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் மாமாவின் அறியாமையால் என் கழுத்து தப்புகிறது என்றால் உண்மை கொஞ்ச நாள் ஓரமாக நிற்கட்டும். அத்தனை பெரிய கொள்கைக்காரி நான்.

அத்தைக்கு உற்சாகமெல்லாம் வடிந்துபோனது. "அப்ப இது நமக்குக் குடுப்பினை இல்லீங்க" என்று முனகிக்கொண்டே, கறிவேப்பிலை பறிக்க அம்மாவோடு வீட்டுக்குப் பின்னால் போனாள்.

மாமா வாசலில் செருப்பை மாட்டினார். நானும் பின்னாலேயே போனேன். போகிற ஆளுக்கு ஒரு நன்றியாவது சொல்ல வேண்டுமே.

அவர் என் பக்கம் குனிந்து மெதுவாகப் பேசினார். "எங்க பஸ்ஸுக்கு செக்கிங் வர்ற தம்பியும் எம்.ஏ. ஹிஸ்டரிதான் அம்மணி. நீ படிக்கற அதே பாடந்தான். அவன் தாராபுரத்தைத் தாண்டி எங்கயும் போகல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அப்ப உங்களுக்கு எல்லாந் தெரியுங்களா மாமா? பின்னே ஏனுங்க ஊரெல்லாம் அப்படிச் சொல்லீட்டுத் திரியறீங்க?"

மாமா ஒரு தரம் வீட்டின் பின்பக்கம் பார்த்துக்கொண்டார்.

"என்ர பையன் குடிச்சுப்போட்டுக் கை நீட்டறவன் கண்ணு. பெத்தவளுக்கு அவன் தங்கம். அவகிட்டப் போயி, என்ர தங்கச்சி புள்ளைய இவனுக்குக் கட்டாதேன்னு நான் எந்த வாயில சொல்றது? அதுதான், அவனுக்கு எட்டாத ஊரா ஒண்ணைச் சொல்லி வெச்சேன்."