குறையில்லாத தோட்டா

மக்காச்சோளக் காட்டில் பன்றி இறங்கிவிட்டது என்று கேட்டதும், மாதய்யன் தன் பெரிய துப்பாக்கிக்குத் தானே ஒரு தோட்டா செய்ய உட்கார்ந்தார். காலித் தோட்டாக் கூட்டை மினுங்கத் துடைத்தார். வெடிமருந்தைத் தராசில் எடை போட்டார்.

"ஒரு துகள் கூடிப்போச்சு" என்று தராசு முள்ளைச் சாய்த்தது. அவர் திருப்பிக் கொட்டினார்.

"இப்போ ஒரு துகள் குறையுது."

"அண்ணே, வெளியே சோளத்தட்டை முறியிற சத்தம் கேட்குதே!" என்று பதறியது கூடு.

"கேட்கட்டும். அவசரப்பட்டால் குறி தப்பும்" என்றது தராசு.

ஒருவழியாகக் குண்டு கூட்டின் வாயில் கச்சிதமாக உட்கார்ந்தபோது சோளக் காடு மொட்டையாகியிருந்தது. மாதய்யன் தோட்டாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவ்வளவு அழகு! அதைச் சுட்டுத் தீர்க்க அவருக்கு மனம் வரவில்லை. கண்ணாடி அலமாரியில் வைத்தார்.

வயிறு நிறைந்த பன்றி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தது. "யாரப்பா நீ, தங்கம் மாதிரி மின்னுறே?"

"உன்னைக் கொல்லப் பிறந்தவன். என்னிடம் ஒரு குறையும் கிடையாது" என்று நிமிர்ந்தது தோட்டா.

"ரொம்ப சந்தோஷம். அடுத்து நான் கடலைக் காட்டுக்குப் போறேன். அதுக்கும் இதே மாதிரி ஒண்ணு செய்யச் சொல்லு" என்றது பன்றி.